இரண்டு விரலில் ஓடிய படகு

1

நேற்று மதியம் என் அக்கா தேவகி போன் செய்தாள். போன வருஷம் ஊரிலிருந்து நான் கிளம்பி வந்ததிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான்தான் கூப்பிடுவேன். மணி அடிக்கும், எடுக்க மாட்டாள். சில தடவை எடுத்து, என் குரலைக் கேட்டதும் டொக்கென்று வைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் தானாகவே கூப்பிடுகிறாள் என்றால் ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். யாரும் போகவில்லை. அவளுக்கு என்னிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

என்ன கேட்டாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் எங்கள் இரண்டு பேரையும் தப்பாக நினைப்பீர்கள். கடைசியில் சொன்னாலும் நினைப்பீர்கள். பரவாயில்லை, அதற்குள் எங்கள் வீட்டு ஆட்களை நீங்களும் கொஞ்சம் பார்த்திருப்பீர்கள்.

நான் மரக்காணத்து உப்பளத்தில் பிறந்தவள். பாண்டிச்சேரிக்காரருக்கு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவருக்கு, வாக்கப்பட்டு இங்கே வந்தேன். பிரான்சின் மேற்குக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அவர் சூப்பர் மார்க்கெட்டில் காவல் வேலை பார்க்கிறார். நான் படகு கிளப்பில் படகு கழுவுகிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குளியல் தொட்டி மாதிரியான குட்டிப் பாய்மரப் படகுகளில் கடலுக்குள் போய்விட்டு வருவார்கள். வந்ததும் ஒவ்வொரு படகையும் நல்ல தண்ணீர் பீய்ச்சி உப்புப் போகக் கழுவி வைக்க வேண்டும். என் அப்பா ஆயுள் முழுக்கத் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்தார். மகள் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுகிறேன். ஆண்டவனுக்குக் கிண்டல் ஜாஸ்தி.

2

கழுவப் போன இடத்தில் கை சும்மா இருக்கவில்லை. கிளப்பில் படகு ரிப்பேர் பார்த்த கிழவருக்கு முதுகு போயிற்று. அவர் நாற்காலியில் உட்கார்ந்து திட்டுவார், நான் செய்வேன். திட்டுகிற பிரெஞ்சுதான் எனக்கு முதலில் வந்த பிரெஞ்சு. இரண்டு வருஷத்தில் ரிப்பேர் முழுக்க என் கைக்கு வந்துவிட்டது. சம்பளச் சீட்டில் மட்டும் இன்னமும் துப்புரவுப் பெண்தான்.

குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தேன். என்ன வேலை என்று கவுன்ட்டரில் இருந்த அம்மாள் கேட்டாள். சுக்கானெல்லாம் என் பொறுப்பு என்று சொல்ல நினைத்து, ‘லா பார்’ என்பதை ‘லெ பார்’ என்று ஒரு எழுத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன். நான் சாராயக் கடை நடத்துவதாக எழுதிக்கொண்டாள். மூன்று மாதம் கழித்து, மது விற்கும் உரிமத்தின் நகலைக் கேட்டுக் கடிதம் வந்தது. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மகள் அனிதா சிரிக்கவில்லை. “நீ ஏன் வாயைத் திறக்கிறே?” என்று பிரெஞ்சில் கேட்டாள். அவளுக்குப் பதினைந்து வயது. அதே கிளப்பில்தான் படகு ஓட்டுகிறாள். கூட்டாளிகளோடு வரும்போது என்னைத் தாண்டித்தான் போவாள், ஒரு வணக்கம் மட்டும் சொல்லுவாள், மற்றவர்கள் துப்புரவுப் பெண்ணுக்குச் சொல்லுகிற அதே வணக்கம்.

நான் படித்த பாடத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும். பாய் விரித்த படகு, ஓட்டுகிறவன் பேச்சைக் கேட்காமல் காற்று வருகிற திசைக்கே மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றால், ஓட்டுகிறவனைத் திட்டாதே. முதலில் சுக்கான் ஆடுகிறதா பார். அடுத்து, அதன் பலகை தண்ணீருக்குள் நேராக இறங்கி நிற்கிறதா பார். அப்புறம், பாய்மரம் பின்பக்கம் சாய்ந்திருக்கிறதா பார். பத்துப் படகில் ஒன்பது இதிலேயே அடங்கிவிடும். கிழவர் இதைக் கெட்ட வார்த்தை கலந்து சொல்லுவார், நான் கலக்காமல் சொல்கிறேன்.

3

போன வருஷம் அப்பாவுக்கு முதல் வருஷத் தெவசம். பள்ளிக்கூட லீவில் அனிதாவையும் இழுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். சுனாமி அடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கடலை ஒட்டிய உப்புப் பாத்திகளில் சேறு ஏறி, வேலை பாதியாகிவிட்டிருந்தது.

என் அண்ணன் ஏழுமலை எதிலும் முழுகாத ஆள். உப்பில் வருமானம் குறைந்ததும் உப்பங்கழியைப் பார்த்தான். ஈசிஆர் ரோட்டில் புதுசாக ஒரு ரிசார்ட் திறந்திருந்தார்கள். கீழ்புத்துப்பட்டுப் பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைக் காலி செய்யும்போது அவருடைய சின்னப் பாய்மரப் படகை இவன் வாங்கிக்கொண்டான். ரிசார்ட் விருந்தாளிகளைச் சாயங்காலக் காற்றில் கழியில் ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டியது, அவ்வளவுதான் தொழில். படகுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்து, பாய்மரத்து உச்சியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தான்.

அதை ஓட்டியவர் என் அக்கா புருஷன் முனுசாமி. மாமாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வாய் ஓயாத ஆள். குடித்தாலும் பேசுவார், குடிக்காவிட்டாலும் பேசுவார். ஆனால் அவர் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருஷமாக அண்ணனுடைய பாத்தியில் உப்பு வாரியவர். உப்புத் தண்ணீர் இரண்டு குதிகாலையும் தின்றுவிட்டது. வெடிப்புக்குள் விரலை வைக்கலாம். திரும்பப் பாத்தியில் இறங்கினால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று திண்டிவனத்து டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று அவருக்கு இந்த உலகத்தில் கிடைத்தது என்றால் அது அந்தப் படகுதான். அக்கா வீட்டில் அடுப்பு எரிந்ததும் அதனால்தான்.

அந்தப் படகு யார் பேச்சையும் கேட்காது. அண்ணன் ஏறினால் காற்றுக்கு எதிரே போய்ப் பாய் படபடக்க நிற்கும். அண்ணனுடைய மச்சான் பாஸ்கர் என்று ஒருத்தன். அண்ணியின் தம்பி, திண்டிவனத்தில் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டுத் தன் அக்கா வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவன். அவன் ஏறினால் அதே இடத்தில் வட்டமடிக்கும். மாமா ஒருத்தர்தான் ஓட்டுவார். அதுவும் எப்படி? சுக்கான் பிடியை இரண்டு கையாலும் வளைத்து, நெஞ்சோடு அணைத்து, காற்று வருகிற பக்கமாக உடம்பையே சாய்த்து இழுத்துக்கொண்டு. கரைக்கு வந்ததும், வியர்வையைத் துடைத்துக்கொண்டு, விருந்தாளிகள் காதில் விழுகிற மாதிரி சொல்லுவார்:

“இது பொம்பள மாதிரி சார். புடிக்கிறவன் புடிச்சாத்தான் வரும்.”

அண்ணன் அதற்குப் பல்லைக் கடிப்பான். மாமாவை வேலைக்கு வைத்திருப்பது அவனுக்குப் பிடிக்கவே இல்லை. அக்கா மூத்தவள் என்பதால் வீட்டில் அவரை மாமா என்று கூப்பிட்டுத் தீர வேண்டும். விருந்தாளிகள் முன்னால், “யோவ் முனுசாமி, கயித்த அவுருய்யா” என்பான். மாமா சிரித்துக்கொண்டே அவிழ்ப்பார். உன்னால் என்னை அனுப்ப முடியாது என்ற சிரிப்பு அது.

4

தெவசத்தன்று இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாரோ கேட்டார்கள். படகு ரிப்பேர் என்றேன்.

மாமா சோற்றுக்கு நடுவே நிமிர்ந்தார். “ரிப்பேரா? கழுவறேன்னு சொல்லு மல்லிகா, இன்னா வெக்கம்? எங்க கொழுந்தியா பிரான்சு போனது வெள்ளக்காரன் படகு கழுவறதுக்கு. கக்கூசும் உண்டா?”

பந்தி முழுக்கச் சிரித்தது. அண்ணன் சிரித்தான், அண்ணி சிரித்தாள், பாஸ்கருக்குப் புரையேறியது. அப்பா படத்துக்கு முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம்தான். அனிதாவுக்குத் தமிழ் முக்கால்வாசி புரியாது, ஆனால் இது புரிந்திருந்தது. அவளும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவள் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாத்திரம் துலக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“ஏண்டி, நெஜமாவே உனக்குப் படகு ரிப்பேர் தெரியுமா?”

“ஏன்?”

“அவரு நெஞ்சப் பாத்தியா? அந்தக் கட்டைய அணைச்சு அணைச்சு கன்னிப் போயிருக்குது. ராவுல படுத்தா பொரள முடியல. வாய்தான் பெருசு, உடம்பு போச்சுடி. கொஞ்சம் பாத்து லேசாப் பண்ணிக் குடேன்.”

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டது அக்கா. நானாகப் போய்க் கையை வைக்கவில்லை. ஆனால் அக்கா கேட்காவிட்டாலும் வைத்திருப்பேன். அந்தப் பந்தியில் சிரித்த ஒவ்வொரு வாயும் மூட வேண்டும் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

5

மறுநாள் காலை படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்க்காரனைத் தவிர உலகத்தில் வேறு எவனும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

உப்பளத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், பாத்திப் பக்கம் இரும்பு ஆகாது. ஆணி அடித்தால் அடுத்த பருவத்துக்குள் துருவாகக் கொட்டிவிடும். அதனால் உப்பு வாருகிற பலகையைக் கம்பில் கயிறு போட்டுத்தான் கட்டுவோம். வெள்ளைக்காரர் படகில் சுக்கானைத் தாங்கிய உலோகக் கொண்டி ஒன்று உடைந்திருக்கிறது. மாமா “இரும்பு எதுக்கு, தொல்லை” என்று மற்றதையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, நைலான் கயிற்றால் வாருபலகை கட்டுகிற மாதிரியே சுக்கானைக் கட்டியிருந்தார். சுக்கானின் பலகையும் உடைந்த வாருபலகைதான். லேசான மரம், நாலு பக்கமும் சதுர விளிம்பு.

கரையில் ஆட்டிப் பார்த்தால் கட்டு கல் மாதிரி இருக்கும். தண்ணீரில் நனைந்ததும் நைலான் நீண்டு கொடுக்கும், சுக்கான் லொடலொடக்கும். மரம் லேசு என்பதால் பலகை மிதந்து, படகுக்குப் பின்னால் வால் மாதிரி நீட்டிக்கொள்ளும். ஆழத்தில் நிற்க வேண்டியது மேலே இழுபட்டால், பிடியை எவனாலும் தாங்க முடியாது. போதாததற்கு, பாய்மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிற முன்கயிறு நைந்துபோன இடத்தில் ஒரு துண்டு கூடுதலாக ஒட்டுப்போட்டிருந்தார்கள். அதனால் பாய்மரம் பின்பக்கம் மல்லாந்து கிடந்தது. கிழவர் சொன்ன மூன்றும் ஒரே படகில்.

மாமா அங்கேயே குத்துக்காலிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் வாய் அன்றைக்கு இல்லை.

“வுடு மல்லிகா. அது எனக்குப் பழகிப் போச்சு.”

“அக்காதான் மாமா பாக்கச் சொல்லுச்சு. நெஞ்சு வலியாமே?”

“நெஞ்சு வலிச்சா எனக்குத்தான வலிக்குது? இது என் பேச்ச மட்டும் கேக்குது. அப்படியே இருந்துட்டுப் போவட்டும்.”

“நான் கழுவறவதான மாமா. கழுவிட்டுப் போயிடறேன்” என்றேன்.

அவர் பீடியை மணலில் குத்தி அணைத்துவிட்டு எழுந்து போனார். வெடித்த குதிகாலைத் தரையில் வைக்காமல், முன்பாதத்திலேயே நடந்து போனார். தற்பெருமை அடிபட்ட ஆம்பளை முறுக்கிக்கொண்டு போகிறான் என்று எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

நைலானை அறுத்தெறிந்தேன். தேங்காய்நார்க் கயிறு வாங்கிக் காய்ந்த நிலையில் இறுக்கிக் கட்டினேன். நார் நனைந்தால் ஊதி இன்னும் இறுகும், நைலானுக்கு நேர் எதிர். மீன்பிடிக் குப்பத்தில் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டு நாலைந்து வாங்கி, பலகையின் அடியில் துளை போட்டு அடித்துச் செருகினேன். இனி அது மிதக்காது. முன்விளிம்பை உருட்டிச் சீவி, பின்விளிம்பை மெல்லியதாக்கினேன். முன்கயிற்றில் ஒட்டுப்போட்ட துண்டை எடுத்தேன், பாய்மரம் நிமிர்ந்தது. இவ்வளவுதான். ஒரு காலை வேலை.

6

சாயங்காலம் கடல்காற்று ஏறியதும் நான் படகில் ஏறினேன். அண்ணன், அண்ணி, பாஸ்கர், அக்கா, மாமா எல்லோரும் கரையில். அனிதாவை முன்னால் உட்கார வைத்துக்கொண்டேன். உப்பங்கழியின் நடுவுக்குப் போனதும் சுக்கான் பிடியிலிருந்து கையை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டிவிட்டு, இரண்டே விரலால் பிடித்தேன். படகு நூல் பிடித்த மாதிரி போயிற்று. திருப்பினேன், திரும்பியது. அனிதா முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்து, “அம்மா, பரவாயில்லையே” என்றாள். தமிழில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஏழு கடலையும் சுற்றியிருப்பேன்.

கரைக்கு வந்தபோது அண்ணன் தண்ணீருக்குள் இறங்கி ஓடி வந்தான்.

“ரெண்டு வெரல்லயா? அடிப்பாவி! ரெண்டு வெரல்ல ஓடுதா?”

“கொழந்தகூட ஓட்டலாம்ணா” என்றேன். மாமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அண்ணன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. திரும்பி, “டேய் பாஸ்கர், ஏறு” என்றான்.

பாஸ்கர் செருப்பைக் கழற்றாமலே ஏறினான். கழியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டே வந்தான். அண்ணி கை தட்டினாள். மாமா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அவர் கை மட்டும் சட்டைக்குள் போய், கன்னிப்போன நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது. அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எனக்கு விளங்க மறுநாள் காலை ஆயிற்று.

காலையில் மாமா எப்போதும்போலப் படகடிக்குப் போனார். பாஸ்கர் பாயைப் பிரித்துக்கொண்டிருந்தான். அண்ணன் ரொம்ப மரியாதையாக எழுந்து நின்றான். பொறுக்கியாக இருந்தாலும் நேரம் பார்த்து மரியாதை வரும் அவனுக்கு.

“வாங்க மாமா. எவ்ளோ நாளைக்கு நீங்களும் நெஞ்சக் குடுத்து இழுப்பீங்க? தேவகி அக்காவே அழுவுது. பையன் பாத்துக்குவான். உங்களுக்குப் பாத்தியில வேல போட்டுருக்கேன், நாளையிலருந்து வந்துடுங்க.”

“கால் இப்படி இருக்குதே மச்சான்” என்றார் மாமா. அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்து நான் கேட்டதே இல்லை.

“செருப்புப் போட்டுக்கினு எறங்குங்க மாமா.”

செருப்போடு உப்புப் பாத்தியில் இறங்குகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. பாத்தித் தரையை மிதித்து மிதித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருப்பார்கள். செருப்புத் தடம் பட்டால் சேறு கிளம்பி உப்பு கறுத்துப்போகும். அண்ணனுக்கு அது தெரியாதா? அவன் பாத்தி, அவன் உப்பு.

நான் அண்ணனிடம் சண்டை போட்டேன். “இது அக்கா சோறுண்ணா. அதுல மண்ணப் போடாதே” என்று கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான்: “கொழந்தகூட ஓட்டலாம்னு நீதான சொன்னே. அப்புறம் எனக்கு எதுக்கு முனுசாமி?”

கிளம்புகிற அன்று அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா பாத்தியில் இருந்தார். அக்கா வாசலிலேயே நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

“நீதானக்கா கேட்டே” என்றேன்.

“நோவு குறையற மாதிரி பண்ணுன்னேன். எவன் வேணா ஓட்டற மாதிரியா பண்ணச் சொன்னேன்?”

கதவைச் சாத்திக்கொண்டாள்.

7

இங்கே வந்ததும் பழையபடி கழுவத் தொடங்கினேன். அனிதா வழக்கம்போல வணக்கம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறாள். கழியில் வந்த அந்தத் தமிழ் வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது. ஊர்ச் சேதி வீட்டுக்காரரின் தங்கை மூலம் வரும். பாஸ்கருக்கு ரிசார்ட்டில் மாதச் சம்பளமே போட்டுவிட்டார்களாம். மாமாவுக்கு மழைக்காலத்தில் இடதுகால் புரையோடி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பாதத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது எந்தப் பாத்தியிலும் இறங்க முடியாது. அண்ணன் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தானாம். நாலு ஆப்பிள்.

இதெல்லாம் தெரிந்துதான் நேற்று அக்கா குரலைக் கேட்டதும் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்றேன். அவள் சௌக்கியமா என்று கேட்கவில்லை.

“மல்லிகா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் படக நீ சரி பண்ணினியே, அதைத் திரும்பப் பழையபடி ஆக்க என்ன பண்ணணும்?”

“எதுக்குக்கா?”

“எதுக்குன்னு உனக்குத் தெரியாது? உக்காந்து புடிக்க கால் எதுக்கு? அவருக்கு நெஞ்சு இருக்குது. அது எவன் பேச்சையும் கேக்கலன்னா உங்க அண்ணன் எங்க வாசலுக்குத்தான் வரணும். வரட்டும்.”

இத்தனை நாள் கழித்து அக்கா என்னிடம் பேசுகிறாள். ஒரு பக்கம் அந்தச் சந்தோஷம். இன்னொரு பக்கம், மழை முடிந்த இந்தச் சமயத்தில், கழி கடலோடு சேருகிற முகத்துவாரம் திறந்திருக்கும், கழித் தண்ணீர் கடலுக்கு இழுக்கும் என்பதும் நினைவுக்கு வந்தது. கட்டு லொடலொடத்த படகு அந்த இழுப்பில் மாட்டினால் இரண்டு கையும் நெஞ்சும் வேண்டும். பாஸ்கருக்கு இரண்டு விரல்தான் பழக்கம்.

“விருந்தாளிங்க போவாங்களேக்கா.”

“அவங்களுக்கு மிதக்கற சட்ட மாட்டி வுடறாங்க. அந்த பாஸ்கர்தான் மாட்டறதில்ல, ஸ்டைலு.”

“அவனுக்கு நீச்சல் தெரியுமா?”

“திண்டிவனத்துக்காரனுக்கு நீச்சல் எங்கடி தெரியும்?” என்றாள். அவளுடைய போன் கார்டில் காசு கரைந்துகொண்டிருந்தது, அவள் வைக்கவும் இல்லை.

எங்கள் அண்ணன் இதைப் படிப்பானோ என்று கேட்பீர்கள். அவன் கரண்ட் பில்லைத் தவிர எதையும் படித்ததில்லை.

நான் சொன்னேன். கிளப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாரை அறுத்துவிட்டு நைலான் போடு. கட்டும்போது காய்ந்திருக்கட்டும், இறுக்கமாகத்தான் தெரியும், பயப்படாதே. பலகைக்கு அடியில் இருக்கிற ஈயத்தைக் கெல்லி எடுத்துவிடு. முன்கயிற்றில் ஒரு சாண் துண்டு சேர்த்துவிடு.

அக்கா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். கடைசியில், “சாப்பிட்டியாடி?” என்று கேட்டாள்.

சாப்பிட்டேன் என்றேன்.